காவடியை எண்ணாத கடிகாரம்

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. திருத்தணி மலைப்படிக்குக் கீழே தள்ளுவண்டியில் அன்னாசியும் வெள்ளரிக்காயும் வெட்டி விற்கிறேன். வருகிறவர்கள் கேட்டால்தான் விலையைக்கூடச் சொல்வேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. என் மகளுடைய பள்ளிக்கூடத்தில் அன்று தொண்டையிலேயே தங்கிவிட்டதை இப்போது எழுதியாவது தீர்க்கப் பார்க்கிறேன்.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கு யாரோ ரப்பர் பட்டை வைத்த கைக்கடிகாரங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். பிள்ளை வைக்கும் ஒவ்வொரு அடியையும் அது எண்ணுமாம். ஒரு மாதம் கழற்றாமல் கட்டியிருக்க வேண்டும், அதிகம் நடக்கிறவர்களைத்தான் கோ-கோ அணியில் சேர்ப்பேன் என்று விளையாட்டு ஆசிரியர் சொல்லிவிட்டார். என் மகளுக்கு அந்த அணி என்றால் உயிர். ஆனாலும் அவளுக்குக் கவலை இல்லை. காலையும் மாலையும் என்னோடு வண்டி தள்ளுகிறவள் அவள். போதாததற்கு அந்த மாதத்தில்தான் ஆடிக் கிருத்திகை வந்தது.

போன வருடம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது என் மனைவி பூக்காவடி வேண்டிக்கொண்டிருந்தாள். காவடி கட்டும்போது மனைவி சொன்னாள், "அந்த வாட்சைக் கழட்டி வெச்சுட்டு வாடி. மஞ்சத் துணிக்கு அது இன்னாத்துக்கு?"

"மாட்டேம்மா. இன்னிக்குத்தான் நெறைய ஏறும்."

வெறுங்காலோடு, தோளில் காவடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படி முழுக்க ஏறினாள். காவடியை இடையில் இறக்கி வைக்கக் கூடாது. மேலே போய்ச் சேர்ந்தபோது கால் நடுங்கியது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். காய்ச்சலில் படுத்துக்கொண்டு புரண்டிருந்தால்கூட அதைவிட அதிகம் காட்டியிருக்கும்.

அவள் வகுப்புப் பெண் ஒருத்தி அன்று முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து பஜனைக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அன்றைய அடிக்கணக்கில் அவள்தான் வகுப்பில் முதலாவதாம்.

"வாட்சை வீட்டுல மாட்டி வெச்சுட்டு, மலை ஏறுனேன்னு கதை விடுறா பாரு" என்று ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சொல்லி என் மகள் பெயரை அணிக்கான பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவள் சோறு தொடவில்லை.

மறுநாள் நான் பள்ளிக்குக் கிளம்பினேன். "நீ போயி இன்னா பேசப்போறே? தூணு மாதிரி நின்னுகினு இருந்துட்டு வருவே" என்றாள் மனைவி.

ஆசிரியர் மரியாதையாகத்தான் நாற்காலி காட்டினார். நான் உட்காரவில்லை. "நான் பின்னாடியே வந்தேன் சார். ஏறுனா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கை அசைஞ்சாதாங்க அது எண்ணும். காவடியப் பிடிச்சிருந்தா எண்ணியிருக்காது. இனிமே கைய வீசி நடக்கச் சொல்லுங்க. கடைசி வாரம் நல்லா காட்டுச்சுன்னா பார்க்கலாம்."

"ஆங் சார்" என்று வந்துவிட்டேன்.

வண்டியிடம் வந்த பிறகுதான் உறைத்தது. கை அசைந்தால்தான் எண்ணும் என்று தெரிந்தவர், என் பிள்ளையை எப்படிப் பொய்க்காரி என்று சொன்னார்? காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு எந்தக் கையை வீசுவது? வண்டியை விட்டுவிட்டுக் கையை வீசினால் அது பஸ்ஸுக்கு அடியில்தான் போய் நிற்கும். கால் நடந்ததைக் கையிடம் விசாரித்து எழுதுகிறார்கள். பின்னாலேயே ஏறிய தகப்பன் சொன்னது அவர்களுக்குச் சாட்சி இல்லை.

அவர் சொன்னதை மகளிடம் சொன்னேன். அன்று மாலை அவள் வண்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஈ ஓட்டுகிறவள் போலக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஈ எதுவும் இல்லை.

"இன்னாம்மா பண்றே?"

"நடக்கறேன் நைனா."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க டிவி பார்த்துக்கொண்டு நடந்தாள், பாடம் படித்துக்கொண்டு நடந்தாள். வண்டி தள்ள மட்டும் வரவில்லை, அது வீண் நடை என்றாள். மலை ஏறியபோது பொய்க்காரி ஆனவள், உட்கார்ந்த இடத்தில் கையை ஆட்டி நல்ல பிள்ளை ஆனாள். அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறப்பேன். பொய் சொல்லாத பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று நினைத்ததும் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடும்.

போட்டி அன்று மைதானத்துக்குப் போயிருந்தேன். ஓடும்போது மற்றவர்களைக் கீறிவிடும் என்று சொல்லி, அதே ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளின் கடிகாரத்தையும் கழற்றி ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டார். என் மகள் வெறுங்கையோடு ஓடினாள். துரத்தியவள் கைக்கு அவள் சட்டை நுனிகூடச் சிக்கவில்லை.

ஆசிரியர் என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க பொண்ணு காலு பறக்குதுங்க. இவ்ளோ நாளு தெரியாமப் போச்சே."

எப்படித் தெரியாமல் போகும்? தினமும் அவர் கண்ணெதிரில்தானே ஓடிக்கொண்டிருந்தாள்? கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே, "ஆங் சார்" என்றேன்.