கோஷா கேலரி

அன்வரி பேகத்தின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பல வருஷம் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். நடுவில் ஒரு கொல்லைச் சுவர்தான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும், நான் என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவருக்குக் கேட்கும். ஆனால் முகம் தெரியாது. இங்கே எழுதுவதில் பாதி, என் மனைவி கோமளம் சொன்னது. சுவருக்கு மேலாகக் கறிவேப்பிலையும் பேச்சும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவள் அவள்தான். மீதி, மைதானத்தில் நின்று நானே கண்டது.

கச்சேரி ரோட்டிலிருந்து சாந்தோம் பக்கம் போகும் ஒரு சந்தில் எங்கள் இரண்டு வீடுகளும் இருந்தன. பின்னால் மைதானம். அங்கேதான் எங்கள் 'யூனியன்' கிளப் கால்பந்து ஆடும். துருக்கர் வீட்டுச் சுவரை ஒட்டியா குடித்தனம் என்று என் பெரியப்பா அனந்தராமன் ஊரெல்லாம் புலம்பினார். வாடகை குறைவு, ஆட்டம் பார்க்க நடக்கவும் வேண்டாம். பெரியப்பா புலம்பிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்வரி பேகத்தின் கணவர் வலியுல்லா, கச்சேரி ரோட்டில் அத்தர்க் கடை வைத்திருந்தார். யூனியனுக்குப் பொக்கிஷதார் அவர்தான். கிளப்பில் பொக்கிஷம் என்று எதுவும் கிடையாது, பதவி மட்டும் உண்டு.

அது கோஷா வீடு. பெண்கள் அந்நிய ஆண் கண்ணில் படுவதில்லை. தேங்காய் பறிக்கிறவன் மரம் ஏறும் முன் "கோஷா!" என்று ஒரு குரல் கொடுப்பான். உள்ளே போங்கள், ஆள் வருகிறது என்று அதற்கு அர்த்தம். அன்வரி பேகம் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு அவர் கால்கள் பழகியிருந்தன.

அவர்கள் கொல்லையின் பின்சுவரில் மைதானத்தைப் பார்த்து ஒரு சின்னக் கதவு. ஆட்டத்தன்று அதைத் தாழிடுவதில்லை. இடைவேளையில் யாராவது வந்து "கோஷா!" சொல்லி, சற்று நின்று, கதவைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு குடம் தண்ணீரை எடுத்துவருவார்கள். இரண்டு கட்சி ஆட்டக்காரர்களும் அதைத்தான் குடித்தார்கள். இத்தனைக்கும் எங்களுக்கும் சாந்தோம் 'ரேஞ்சர்ஸ்' கிளப்புக்கும் ஆகவே ஆகாது. அவர்கள் பக்கம் பட்டினப்பாக்கத்துக் குப்பமே திரண்டு வரும். எங்கள் பக்கம் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், காலேஜ் பையன்கள். வாய்ச்சண்டையில் நாங்கள் கெட்டி, கைச்சண்டையில் அவர்கள். ஆட்டம் முடிந்தால் நாங்கள் கொஞ்சம் வேகமாகவே வீடு திரும்புவோம்.

முப்பத்தைந்தாம் வருஷம் என்று நினைக்கிறேன், ரேஞ்சர்ஸிடம் தொடர்ந்து தோற்ற எரிச்சலில் எங்கள் கமிட்டி பெங்களூரிலிருந்து, பின்வரிசையில் தடுத்து ஆட ஒரு புல்பேக்கை வரவழைத்தது. அவனுக்குச் சாப்பாடு, தங்க இடம், கைச்செலவு. மைதானத்துக்கு வாடகை வேறு. சந்தா கொடுப்பதாகச் சொன்னவர்கள் எல்லாம் வலியுல்லா கடையைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். கடைசியில் கமிட்டி ஒரு யோசனை கண்டுபிடித்தது. மைதானத்தைச் சுற்றித் தட்டி கட்டுவது, டிக்கெட் போடுவது, நாலணாக்காரர்களுக்கு ஒரு கேலரி எழுப்புவது. நோட்டீசில் 'புதிய ஸ்டேடியம்' என்றே அச்சடித்துவிட்டார்கள். சவுக்குக் கட்டையும் பலகையும் கயிறும்தான் ஸ்டேடியம். மரத்தைக் கடனுக்குக் கொடுத்த மண்டிக்காரர் வலியுல்லா முகத்துக்காகத்தான் கொடுத்தார்.

மாலை வெயில் முதுகில் அடிக்க வேண்டும் என்றால் கேலரி மேற்கே இருக்க வேண்டும். மேற்கே அவர் வீட்டுச் சுவர். கேலரியின் உச்சி வரிசையில் உட்கார்ந்து திரும்பினால் அன்வரி பேகம் கிணற்றடியில் என்ன பாத்திரம் தேய்க்கிறார் என்று தெரியும்.

வலியுல்லா அதற்கும் வழி செய்தார். உச்சி வரிசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மூங்கில் தட்டியை நெருக்கி நெருக்கிக் கட்ட வைத்தார். டிக்கெட் இல்லாமல் அடிவழியாக யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று, கேலரிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கை இரண்டு முனையிலும் தட்டியும் முள்கம்பியும் வைத்து அடைத்தார்கள். கேலரிக்கு அடியே குனிந்து வருவதை விட்டால், இடுக்கிலிருந்து வெளியேற மிஞ்சியது அந்தச் சின்னக் கதவு ஒன்றுதான். ஜனங்கள் அந்தக் கேலரிக்கு 'கோஷா கேலரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்வரி பேகத்தின் பயம் அங்கேதான் ஆரம்பம்.

முதல் ஆட்டத்திலேயே ரேஞ்சர்ஸ் ஆட்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் கோல்கீப்பர் பந்தை விட்டால் போதும், "கோஷா! கோஷா!" என்று கத்துவார்கள். மூஞ்சியை மூடிக்கொண்டு உள்ளே போ என்று கிண்டல். மைதானத்தில் இருந்தவர்களுக்கு அது சிரிப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்மணி ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார்.

"நெசமா கூப்புடறாங்களா, வெளையாட்டா கூப்புடறாங்களான்னு தெரியல மாமி. உக்காரவே முடியல. நெஞ்சு அடிச்சுக்கினே கீது" என்று கோமளத்திடம் சொன்னாராம்.

பிறகு தட்டியில் ஓட்டைகள் விழுந்தன. யாரோ கத்தியால் கீறியது. பகலில் அவற்றின் வழியாக வெளிச்சம் தெரியும். ஆட்டத்தன்று வெளிச்சம் இராது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். கிணற்றடிக்குப் போவதை விட்டார். ஆட்டத்தன்று சின்னக் கதவை உள்ளிருந்து தாழிட ஆரம்பித்தார். ஆட்டம் தொடங்கும் முன்பே குடங்களை வெளியே வைத்துவிடுவார், யாரும் கூப்பிட வேண்டாம். தாழிடுவதை வலியுல்லாவிடம் சொல்லவில்லை. கிளப் கவலையிலேயே பாதி சோறுதான் தின்கிறார், இதையும் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

ஓட்டைகளைவிட அவரைப் பயமுறுத்தியது கேலரியின் சத்தம். யாருமே இல்லாத நண்பகலில் கடல்காற்று அடித்தால் அது முனகுமாம்.

"ராப்பகலா அது பேசுது மாமி. இவர்கிட்ட சொன்னா, கட்டைன்னா அப்படித்தான், நீ சும்மா கெடன்றார்."

"அவா சொன்னா சரியாத்தான் இருக்கும் பீபி. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதேங்கோ" என்றாள் கோமளம். வந்து என்னிடம், "ஏன்னா, நீங்க அந்த கேலரில மட்டும் ஏறிடாதேங்கோ" என்றாள். ஏறவில்லை. கோமளம் சொன்னதற்காக என்று அவளிடம் சொல்லிக்கொண்டேன். இரண்டணா மிச்சம் என்பதும் உண்டு.

இறுதி ஆட்டம் வந்தது. எங்களுக்கும் ரேஞ்சர்ஸுக்கும். மண்டிக்காரர் கடனை அந்த ஒரு நாள் வசூலில் அடைத்துவிடலாம் என்று கமிட்டி கணக்குப் போட்டது. கேலரி நிரம்பிய பிறகும் டிக்கெட் கிழித்துக்கொண்டே இருந்தார்கள். கோமளம் அன்று கபாலி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கிழக்கே, இரண்டணாக் கூட்டத்தில்.

பலகையில் உட்கார்ந்த ஜனங்களுக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்திருந்தது. காலால் மிதித்தால் பலகை தம்பட்டம் மாதிரி அதிரும். வடக்குப் பாதியில் எங்கள் ஆட்கள், தெற்குப் பாதியில் ரேஞ்சர்ஸ் ஆட்கள். இவர்கள் மிதித்தால் அவர்கள் பலமாக மிதிப்பார்கள். இரண்டாம் பாதியில் ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட மிதித்தவர்களே அதிகம். கேலரியின் அடியில் ஏதோ தூசி கிளம்புவதைப் பார்த்தேன். வலியுல்லாவும் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்து, முன்வரிசைப் பலகைக்கு அடியே குனிந்து உள்ளே போனார். நாலைந்து பேர் பின்னோடு போனார்கள்.

அப்புறம் ஒரு சத்தம். கேலரி எங்கள் பக்கம் விழவில்லை. முதுகு ஒடிந்தாற்போல் பின்னால் சாய்ந்தது. முன்வரிசைக்காரர்கள் மைதானத்தில் குதித்து ஓடினார்கள். மேல் வரிசைக்காரர்கள் தட்டியைக் கிழித்துக்கொண்டு இடுக்கில் விழுந்தார்கள். யூனியன், ரேஞ்சர்ஸ் எல்லாம் ஒரே குவியல். அவர்கள் தலைக்கு மேல் மிச்சக் கேலரி வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. நிற்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை அன்வரி பேகம் கோமளத்திடம் சொல்ல வெகுநாள் ஆயிற்று.

சத்தம் கேட்டதுமே அவர் கொல்லைக்கு ஓடிவந்துவிட்டார். கணவர் அங்கே இருக்கிறார் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. சின்னக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வலியுல்லாவின் குரல்.

"கோஷா! கோஷா!"

உயிர் போகிற நேரத்திலும் அந்த மனிதர் வாயில் அதுதான் வந்தது. பின்னால் இத்தனை அந்நிய ஆண்களை வைத்துக்கொண்டு கொல்லைக்குள் நுழையப் போகிறோமே, பெண்டாட்டி உள்ளே போகட்டும் என்று பழக்கம் பேசிற்று. கதவு எப்போதும்போலத் திறந்துதான் இருக்கும் என்று நினைத்தார்.

சொல் காதில் விழுந்ததும் அன்வரி பேகத்தின் கை தாழ்ப்பாளை விட்டது. திரும்பி ஓடினார். வீட்டுக்குள் போய் உள்கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார். போட்ட பிறகுதான் சின்னக் கதவும் தாழிட்டிருப்பது உறைத்தது. கொல்லையில் கதவை இடிக்கிறார்கள். ஆண்களின் ஓலம். மேலே கட்டை முறியும் ஓசை. போய்த் திறக்க வேண்டும். ஆனால் வராதே என்று புருஷனே சொல்லியிருக்கிறாரே. போனால் தப்பா, போகாவிட்டால் தப்பா என்று தெரியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

அப்போது அவர் வாழ்நாளில் கேட்டிராத ஒன்று கேட்டது.

"அன்வரி! அன்வரீ! தொறடீ!"

வலியுல்லா அதுவரை மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தனியே இருக்கும்போதும் ஒரு கனைப்பு, அல்லது "இன்னா, கேக்குதா?" அவ்வளவுதான். அந்தப் பெயர் மைதானம் முழுக்கக் கேட்டது. எதிர்ப்பக்கம் நின்ற எனக்கும் கேட்டது. அதுவரை எனக்கும் அவர் பெயர் தெரியாது.

முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் ஓடிவந்து திறந்தார். ஆண்கள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கிற நிலையில் இல்லை. கிணற்றடி, சமையல்கட்டு எல்லாம் ரத்தமும் புழுதியும் ஆட்களும். வலியுல்லாவைக் கடைசியில் இழுத்து வந்தார்கள். இடதுகால் முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தது. பட்டினப்பாக்கத்தில் வலை இழுக்கும் வாலிபன் ஒருவனை அதற்கும் பிறகு கொண்டுவந்தார்கள். கதவுக்கு மிக அருகில் கிடந்தவன். மூச்சு இல்லை.

விழுந்தபோதே போயிருப்பான் என்று டாக்டர் சொன்னார். எல்லாரும் அதையே அன்வரி பேகத்திடம் சொன்னார்கள். அவர் கோமளத்திடம் மட்டும், "கதவை இடிச்சதுல ஒரு கை அவன்து மாமி" என்றார்.

மண்டிக்காரர் வந்து முறிந்த கட்டைகளைக்கூட எண்ணி ஏற்றிக்கொண்டு போனார். பெங்களூர் புல்பேக் சொல்லாமல் ரயிலேறினான். தட்டி போயிற்று, டிக்கெட் போயிற்று. ஸ்டேடியம் மறுபடி மைதானம் ஆயிற்று. வலியுல்லா கட்டைக்கால் மாட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் யூனியனும் ரேஞ்சர்ஸும் மறுபடி மோதும் நாள் வந்தது. அன்வரி பேகத்துக்கு அதற்கு முந்தின வாரமே காய்ச்சல் கண்டது. "போன தபா கோஷா கோஷான்னு கத்தினாங்க. இந்த தபா என் பேரைக் கத்துவாங்க மாமி. ஊருக்கே தெரிஞ்சு போச்சே" என்றார். அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. செத்தவனின் அண்ணன் பொன்னுரங்கம் ஆட்டத்துக்கு வருவான். வந்து அந்தக் கதவைத் தட்டி, ஏன் திறக்கவில்லை என்று கேட்பான்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆட்டத்தன்று எங்கள் கோல்கீப்பர் பந்தை விட்டார். ரேஞ்சர்ஸ் கூட்டம் ஹோவென்று கத்திற்று. அந்தச் சொல் வரும், அந்தப் பெயர் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டும் வரவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவன் "கோ..." என்று ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவன் பளாரென்று அறைந்தான்.

இடைவேளை வந்தது. வெளியே குடங்கள் இல்லை. வெளியே வந்து வைக்க அன்வரி பேகத்துக்குத் தைரியம் இல்லை. எங்கள் ஆட்களுக்கோ அந்தக் கதவிடம் போக முகம் இல்லை. ஆட்டக்காரர்கள் நாக்கு வறண்டு நின்றார்கள். அப்போது ரேஞ்சர்ஸ் பக்கத்திலிருந்து ஓர் ஆள் எழுந்து மைதானத்தின் குறுக்கே நடந்தான். பொன்னுரங்கம். சத்தம் எல்லாம் அடங்கிற்று. வலியுல்லா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

அவன் கதவின் முன்னால் நின்றான். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது, பெயரையும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"யக்கா," என்றான். "புள்ளைங்க தவிச்சுக்கினு கீதுங்க. தண்ணி குடு யக்கா."

தாழ்ப்பாள் விலகும் ஓசை எங்களுக்கே கேட்டது. கதவு பாதி திறந்தது. குடத்தோடு ஒரு கை வெளியே வந்தது, பச்சைக் கண்ணாடி வளையல். அன்வரி பேகத்தில் நான் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான். பாதித் தண்ணீர் அவன் காலில் கொட்டிற்று. அவன் நகரவில்லை. உள்ளிருந்து ஏதோ கேட்டார்; அவன் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

என்ன கேட்டார் என்று மறுநாள் கோமளம் சொன்னாள்.

"உன் தம்பி பேரு இன்னான்னு கேட்டாளாம். செத்துப்போன அந்தப் பிள்ளைக்கு இவ பேரு தெரியும், இவளுக்கு அவன் பேரு தெரியாதோன்னோ. நேத்து சாயங்காலம் தொழுதுட்டு அந்தப் பேரைச் சொல்லித்தான் அழுதுண்டிருந்தா. தேசிங்கு, தேசிங்குன்னு."