மரிய செல்வி ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொண்டது

ஆவூர்ப் பக்கத்தில் பிறந்த மரிய செல்வி, மீமிசலை அடுத்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக வந்து பதினெட்டு வருடமாகிறது. கர்ப்பிணிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டால் அந்தக் கடற்கரையில் மறுபேச்சில்லை. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

போன வருடம் அங்கே கையடக்கமான ஒரு ஸ்கேன் கருவியும் டேப்லெட்டும் வந்தன. ஸ்கேன் படிக்காதவர்களும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்க முடியுமா என்று அரசு அனுமதியோடு நடந்த ஆய்வு அது. ஆணா பெண்ணா என்று மட்டும் அந்தக் கருவி காட்டாது; சட்டப்படி அது கூடாது.

"நீங்களே பாருங்க சிஸ்டர். நான் பக்கத்துலதானே இருக்கேன்," என்றார் அந்த நிலையத்தின் டாக்டர் பிரகதீஸ்வரி.

முதல் வாரம் பெரும்பாடாக இருந்தது. வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை மேலிருந்து கீழே இழுத்தால், 'மெதுவாக' என்று திரையில் எழுத்து வரும். மெதுவாக இழுத்தால், 'இன்னும் அழுத்தவும்' என்று வரும்.

"இந்தப் பொட்டி மாமியா மாதிரில்ல நொட்டை சொல்லுது!" என்று அவள் அலுத்துக்கொள்ள, படுத்திருந்த பெண் வயிறு குலுங்கச் சிரித்தாள். அதற்கும் கோபித்துக்கொண்டு, 'அசையாமல் வைக்கவும்' என்றது திரை. ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது.

அப்போதுதான் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ராக்காயி வந்தாள். தலைப்பிரசவம், ஒன்பதாவது மாதம். புருஷன் முனியசாமி விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். மரிய செல்வி வழக்கம்போல முதலில் கையை வைத்துப் பார்த்தாள்.

"தலை கீழதான் இருக்கு தாயி. பயப்படாத."

பிறகு ஸ்கேன் பார்த்தாள். திரையோ, தலை மேலே இருப்பதாகக் காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி பார்த்தாள். அதே பதில். டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் தாமே ஸ்கேன் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பொட்டி சொல்றது சரி சிஸ்டர். கீழ இருக்கது பிருஷ்டம். கைக்குத் தலை மாதிரியேதான் தெரியும். நானும் ஏமாந்திருக்கேன்."

மரிய செல்விக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் அது ஒரு நிமிடம்தான். ராக்காயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைக்கு ஒன்னுமில்லையே சிஸ்டர்?" என்று கேட்டாள். பெருமையெல்லாம் அந்தக் கேள்வியில் கரைந்துபோனது.

"புள்ளை நல்லாருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், தலை மேலதான் இருக்கு. இங்க பிரசவம் பாக்க முடியாது. வலி எடுத்தாலும் தண்ணி ஒடஞ்சாலும் இங்கிட்டு வராத, ஒடனே நூத்தியெட்டக் கூப்புட்டு நேரா அறந்தாங்கி பெரியாஸ்பத்திரிக்குப் போயிரு. முனியசாமிகிட்ட நானே சொல்றேன்."

சொன்னபடியே போன் போட்டுச் சொன்னாள். அடுத்த தடவை பார்த்தபோதும் குழந்தை திரும்பியிருக்கவில்லை. குறித்த நாளுக்கு முன்னதாகவே, ஒரு காலையில் ராக்காயிக்குப் பனிக்குடம் உடைந்தது. முனியசாமி கரையில்தான் இருந்தான். ஆம்புலன்ஸ் நேராக அறந்தாங்கிக்குப் போயிற்று. அங்கே உடனே ஆபரேஷன்.

மத்தியானம் முனியசாமியிடமிருந்து போன் வந்தது.

"பொம்பளப் புள்ளை சிஸ்டர். தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க. புள்ளை தொண்டை கிழியக் கத்துறா."

"கத்தட்டும் கத்தட்டும்," என்றாள் மரிய செல்வி. சிரிப்பை அடக்க முடியாமல் டாக்டரின் அறைக்கு ஓடினாள். டாக்டர் கடையில் சொல்லி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்களுக்கும் சேர்த்துத்தான்.