பாரிஸில் யாருக்கும் தெரியாத இடங்கள்

ஒன்பது வயதில் எனக்குப் பாரிஸ் நகரம் தலைகீழ்ப் பாடம். திண்டிவனத்தில் எங்கள் தெருவைத் தாண்டி மார்க்கெட்டுக்குத் தனியாகப் போக விடமாட்டார்கள். விழுப்புரத்துக்கு அப்பால் ரயில் எங்கே போகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். ஆனால் பாரிஸில் ஆற்றுக்கு எந்தப் பக்கம் இரும்புக் கோபுரம், எந்த இடத்தில் பெரிய மாதாகோயில் என்பதெல்லாம் அத்துப்படி. எல்லாம் சித்தப்பாவின் கடிதங்கள் செய்த வேலை.

சித்தப்பா என்றால் என் அம்மாவின் தங்கை புருஷன். கண்டமங்கலத்தைத் தாண்டி, அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த ஊர் ஒன்றில் பிறந்தவர். அவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அப்படிப் போனவர்களை அந்தப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். கல்யாணமாகி நாற்பது நாள் சித்தியோடு இருந்தார். பிறகு கப்பல் ஏறினார். பட்டாளம் முடிந்ததும் பாரிஸிலேயே ஓர் அலுவலகத்தில் காவல் வேலை கிடைத்தது. பேப்பர் சரியானதும் அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதினார். அந்தப் பேப்பருக்காகச் சித்தி எங்கள் வீட்டில் ஐந்து வருஷமாகக் காத்திருந்தாள். விழுப்புரத்துக்குப் போய் ஸ்டூடியோவில் மூன்று முறை போட்டோ எடுத்தாயிற்று. பேப்பர் நகர்வதற்குள் முகம் மாறிவிடும், பழைய போட்டோ செல்லாது என்பார்கள். முதல் போட்டோவில் கன்னம் உப்பலாக இருக்கும். மூன்றாவதில் கன்னத்தைக் காணோம்.

சித்திக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் அப்படியே. அப்பா நன்றாகப் படிப்பார், ஆனால் புருஷன் எழுதிய கடிதத்தை அக்கா புருஷனிடம் நீட்டிப் படிக்கச் சொல்வது எந்தப் பெண்ணால் முடியும்? ஆகவே என்னிடம் வந்தது. குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது என்பதுதான் எனக்கிருந்த தகுதி. வருகிற கடிதத்தை நான் படிப்பேன், போகிற கடிதத்தை நான் எழுதுவேன். எழுதுகிற கூலியாக முதல் நாலு வரி எனக்கு. அதில் நான் எது வேண்டுமானாலும் சித்தப்பாவைக் கேட்கலாம்.

பள்ளிக்கூடத்தில் இரும்புக் கோபுரத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மரவாடிக்காரர் மகள், "அது எங்கூட்டு காலண்டர்லயே இருக்குதே" என்று சொல்லிவிட்டாள். எனக்கு மானமே போயிற்று. அன்றைக்கே நாலு வரியில் எழுதினேன்: 'கோபுரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாம் தடவை பாரிஸ் வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? யாருக்கும் தெரியாத இடமாக எழுதவும்.'

சித்தப்பா நல்ல மனிதர். கேட்டபடியே எழுதினார். ஊருக்குள் ஒரு கால்வாய், அதில் படகு மாடிப்படி ஏறுமாம். கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்பினால் படகு தானாக மேலே வரும். வீடுகளுக்கு நடுவில் ஒரு மேட்டில் திராட்சைத் தோட்டம், வருஷத்துக்கு ஒரு அறுவடை. ஞாயிற்றுக்கிழமையில் குருவி விற்கிற சந்தை. நான் படிக்கப் படிக்கச் சித்தி கேப்பை புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். "நான் போனா மொதல்ல அந்தக் குருவி சந்தைக்குத்தான் போவேன்" என்றாள் ஒருநாள். முதல் தடவையே இரண்டாம் தடவைக்காரர்கள் பார்ப்பதைப் பார்ப்பதா என்று நான் கேலி செய்தேன். அவள் சிரித்தாள். சித்தி சிரிப்பது அபூர்வம். அடுத்த கடிதத்திலும் இன்னும் இடங்கள் கேட்டேன்.

வந்த கடிதம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு பெரிய பூங்கா. அதற்குள் பொம்மலாட்டக் கொட்டகை. பிள்ளைகளை முன்வரிசையில் விட்டுவிட்டு நாம் பின்னால் உட்கார வேண்டும். ஒரு குளம், அதில் பொம்மைக் கப்பலை வாடகைக்கு எடுத்துக் குச்சியால் தள்ளி விடலாம். குளிர்காலத்தில் கை நனைந்தால் காய்ச்சல் வந்துவிடும், துடைக்க ஒரு துண்டு கொண்டுபோவது நல்லது. கழுதைச் சவாரியும் உண்டு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தால் மூன்றாவது சுற்றில் நமக்குக் கால் வலிக்கும்.

நான் கடிதத்தை மடிக்கும்போது சித்தி என் கையைப் பிடித்தாள்.

"கழுதை மேல பெரியவங்க ஏற முடியாதா பாப்பா?"

"சின்னப் பசங்க மட்டுந்தானாம் சித்தி."

"துண்டு எடுத்துக்கினு போவாராமா?"

"ஆமா, போட்டிருக்குதே. கை தொடைக்க."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொன்னாள். இடம் அவ்வளவு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, பொம்மலாட்டத்தை நான் ராகம் போட்டுப் படித்தேன். அன்று அவள் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

நாலு நாள் கழித்து அப்பா தபாலாபீசிலிருந்து நீலக் காகிதம் ஒன்று வாங்கி வந்தார். வெளிநாட்டுக்கு எழுதும் காகிதம். அதுவே கடிதம், அதுவே உறை. உள்ளே வேறு தாள் வைக்கக் கூடாது. சித்தி குளித்து முடித்து வருவதற்குள் நான் என் பங்கை எழுத ஆரம்பித்துவிட்டேன். கேட்க வேண்டியது அவ்வளவு இருந்தது. கழுதையின் பெயர் என்ன? பொம்மை பேசும் பாஷை என்ன? கப்பல் கவிழ்ந்தால் யார் எடுத்துக் கொடுப்பார்கள்? நாலு வரி பத்து வரியாயிற்று, அதுவும் குண்டுகுண்டு எழுத்தில்.

சித்தி தலையில் ஈரத் துணியோடு வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல உடம்பைப் பற்றி, மழையைப் பற்றி, மல்லாட்டை விதைத்ததைப் பற்றிச் சொன்னாள். எழுதினேன். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இத எழுது. அங்க ஒரு கொழந்த இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. இருக்கட்டும். கொழந்த மேல எனக்குக் கோவம் இல்ல. அதோட அம்மா உங்க கூட இருக்குதா, இல்லியான்னு எழுதுங்க. இல்லன்னா நான் வந்து வளக்கறேன். நான் வர்றதா, வேணாமா? ஒரு வார்த்த எழுதிடுங்க."

நான் காகிதத்தைப் பார்த்தேன். அடியில் ஒரு விரல்கடை இடம் மிச்சம். அதில் 'இப்படிக்கு' போடத்தான் முடியும். அப்பாவிடம் போய் இன்னொரு காகிதம் கேட்டால், முதல் காகிதத்தை யார் நிரப்பியது என்று கேட்பார். தவிர, எனக்கு அது எழுதத் தக்க விஷயமாகவும் படவில்லை. எந்தக் குழந்தை? நான் வரிக்கு வரி படித்தேனே, குழந்தை என்று சித்தப்பா எங்கே எழுதினார்? இதை எழுதினால் கோபித்துக்கொண்டு இடம் எழுதுவதை நிறுத்திவிட்டால்?

பேனாவைச் சும்மா அசைத்தேன். பிறகு 'இப்படிக்கு' போட்டேன்.

"எழுதிட்டியா?"

"ம்."

"எங்க, காட்டு."

கழுதையின் பெயர் கேட்ட வரியைக் காட்டினேன். சித்தி அதன் மேல் மெல்ல விரல் வைத்தாள். மை காயவில்லை என்றேன். கையை எடுத்துக்கொண்டாள்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தபால்காரர் தலை தெரிந்தால் போதும், சித்தி உள்ளே போய்விடுவாள். அவர் போன பிறகு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். கடிதம் வந்த அன்று கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கழுதையின் பெயர் மிமி. பொம்மைகள் பேசுவது பிரெஞ்சு, ஆனால் அடி விழும்போது எல்லாப் பாஷையிலும் அழும். கப்பல் கவிழ்ந்தால் காற்று அடித்துக் கரைக்குக் கொண்டுவரும் வரை காத்திருக்க வேண்டும். பேப்பர் விஷயமாக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். எல்லாருக்கும் என் அன்பு.

"வேற?"

"அவ்ளோதான் சித்தி."

"நல்லா பாரு. மடிப்புல ஏதாச்சும் இருக்குதா?"

மடிப்பைப் பிரித்துக் காட்டினேன். அவள் அந்த நீலக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னைக் கடிதம் எழுதச் சொல்லவில்லை. சித்தப்பாவிடமிருந்து மூன்று கடிதம் வந்தது, ஏன் பதில் இல்லை என்று கேட்டு. சித்தி படிக்கச் சொல்லவில்லை. திருட்டுத்தனமாக நானே படித்தேன். பிறகு அதுவும் நின்றது. நாலாவது போட்டோவுக்கு அவள் விழுப்புரம் போகவே இல்லை. எங்கள் வீட்டிலேயே இருந்து, எங்கள் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். எத்தனையோ முறை சொல்லிவிட வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அந்த மிமி கடிதம் வந்த அன்று சித்தி சுவரோரம் படுத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கேட்ட கேள்வி ஒன்றுவிடாமல் மனிதர் பதில் எழுதியிருக்கிறாரே, இதற்கு மேல் இவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.