வெடிக்கு அசையாத ஆடு

வியா மக்வேதாத் தெருவில் ஒரு கடை வாசலில் குப்புறக் கிடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தெருவில் போன ஸ்கூட்டர் ஒன்றின் புகைக்குழாய் படாரென்று வெடித்திருந்தது. என் அறை நண்பனும் பக்கத்திலேயே கிடந்தான். எங்களைச் சுற்றிச் சப்பாத்துகள் நின்றன.

"எழும்படா, சனம் பாக்குது" என்றான் அவன்.

"நீயும் கிடக்கிறாய்தானே?"

"நான் உன்னைப் பாத்து விழுந்தனான்."

யாழ்ப்பாணத்தில் வெடி கேட்டால் முதலில் விழ வேண்டும், பிறகுதான் யோசிக்க வேண்டும். ஷெல் எங்கே விழுந்தது என்று பார்க்க எழுந்த என் சின்ன அண்ணன் திரும்பப் படுக்கவில்லை. ஆனால் நான் இப்போது இந்த வெளிநாட்டு நகரத்தில், லிபெர்த்தாத் தெருவில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டதற்கே விருந்தினர் முன்னால் கோப்பைகளோடு விழுந்திருந்தேன். இன்னொரு தடவை விழுந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, சொல்லியிருந்தார்.

அவருடைய கணவர், சிஞ்ஞோரே, ஞாயிறுகளில் மலையடிவாரத்தில், கைவிடப்பட்ட கல்லுடைக்கும் பள்ளம் ஒன்றில், குறிபார்த்துச் சுடுவார். அவரோடு போனால் காது பழகிவிடாதா?

"வெடிக்குப் பயந்து இஞ்சை ஓடி வந்தனி, வெடி கேக்கப் போறியோ? விசரே?" என்றான் நண்பன்.

"பழகினாப் போயிடும்."

"ஓம், துவக்குச் சூடு பட்டாலும் எல்லாம் போயிடும்."

முதல் ஞாயிறு, பலகையில் வட்டம் போட்ட குறித்தாளை ஒட்டிவிட்டு சிஞ்ஞோரேயின் பின்னால் வந்து நின்றேன். முதல் வெடிக்குத் தரையில் கிடந்தேன். எழுந்தேன். இரண்டாவதற்கும் கிடந்தேன். அப்போது முட்புதருக்குள்ளிருந்து ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று வந்து, குறித்தாளைக் கிழித்து, எங்களைப் பார்த்தபடியே மென்றது. அதை விரட்ட அவர் வானத்தை நோக்கிச் சுட்டார். நான் மறுபடி விழ, ஆடு நடந்து வந்து என் சட்டைக் கொலரைக் கடித்து இழுத்தது.

"பார், அவள் உன்னை எழுப்புகிறாள்" என்று சிஞ்ஞோரே வயிறு குலுங்கச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மிச்சத் தாள்களை என் சட்டைக்குள் ஒளித்து வைத்தேன். நான் விழுந்து கிடந்த நேரம் பார்த்து, ஆடு மூக்கால் என்னைப் புரட்டி அவற்றையும் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அவர் சிரிப்பு குறைவாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அவர் சிரிக்கவே இல்லை. ஆட்டின் காலடிப் பாறையில் சுட்டார். கற்சில்லுகள் பறந்தன. ஆடு ஒருமுறை காலை உதறிவிட்டு, சத்தம் வந்த பக்கமாகவே நடந்து வந்தது. அது துணிவில்லை, அறியாமை. ஊரிலும் தொடக்கத்தில் மாடுகள் இப்படித்தான் ஷெல் விழுந்த இடத்தை வேடிக்கை பார்த்து நின்றன. பிறகு பார்க்க மாடுகள் இருக்கவில்லை.

துவக்கின் குழல் பாறையிலிருந்து மெல்ல ஆட்டின் நெஞ்சுக்கு ஏறியது. நான் எப்போது எழுந்து ஓடினேன் என்று தெரியாது. அந்த ஒற்றைக் கொம்பைப் பிடித்தபோது வெடி கேட்டது. கடைசிக் கணத்தில் அவர் குழலை உயர்த்தியிருக்கிறார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். கால்சட்டை நனைந்திருந்தது.

"செத்திருப்பாய். விளங்குகிறதா?" அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"விளங்குகிறது, சிஞ்ஞோரே."

ஸ்தாசியோனே ரயில் நிலையப் பக்கத்து எங்கள் அறைக்கு நான் வந்ததும் நண்பன் கேட்டான்: "அப்ப சுகம் வந்திட்டுதோ?"

"எங்கை! கார்க் கதவு சாத்தினதுக்கே குனிஞ்சிட்டன்."

"ஆட்டையும் வீட்டு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போ."

அவன் பகிடிக்குச் சொன்னான். ஆனால் விழாமல் நின்ற ஒரே தடவை என் கையில் அந்தக் கொம்பு இருந்தது. இனி ஆட்டுக்குக் குறி வைப்பதில்லை என்று சிஞ்ஞோரே சத்தியம் செய்திருக்கிறார். சுடும்போது அவருக்குப் பின்னால் அதைக் கட்டி வைக்கச் சம்மதமும் தந்திருக்கிறார். வருகிற ஞாயிறு கொம்பைப் பிடித்தபடி முதல் வெடிக்கு நிற்பது. முடிந்தால், இரண்டாவதற்குக் கொம்பிலிருந்து கையை விடுவது.