உறையாத பால்

குடிகாரன் நடை எப்படியிருக்கும் என்று சௌதாமினிக்குத் தெரியும். வருஷக்கணக்காக அதைப் பார்த்தே குடும்பம் நடத்தியவள். அம்பூரி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்த புருஷன் வேலாயுதன் கால் பின்னிக்கொண்டு வீட்டுக்கு இறங்கி வந்தான். மகள் அனகாவின் கல்யாணத்தோடு விட்ட குடி அது.

"தொடங்கியாச்சா? மணம் வராத சரக்காக்கும்!"

"தலை பொளக்குது அம்மா," என்றான்.

"ஏறிப்போச்சுன்னா நான் அம்மாவாக்கும். போய்க் கெடங்க."

முந்தாநாளே காய்ச்சல் என்றிருந்தான். அதுவும் குடிக்கச் சாக்குதான் என்று முடிவுகட்டி, ரப்பர் ஷீட் அடிக்கக் கொட்டகைக்குப் போனாள்.

தட்டுகளில் ஊற்றிய ரப்பர் பால், ஆசிட் விட்டதில் உறைந்திருக்க வேண்டும். விரலை வைத்தாள். தண்ணீராக ஆடியது. ஆசிட் குப்பி மூடி திறக்காமலே இருந்தது.

நிற்க முடியாத போதையிலும் வேலாயுதன் பாலுக்கு ஆசிட் விட மறந்தவனில்லை. கை தானாகச் செய்யும் வேலை அது. அப்படியானால் இது குடி இல்லை.

ஓடினாள். கட்டிலில் அவன் கண் மேலே செருகியிருந்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது. தலையைத் தூக்கினால் கழுத்து மடங்காமல் உடம்பே பலகைபோல் கூட வந்தது.

பக்கத்து வீட்டு ஜெயன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அண்ணனுக்குக் கொஞ்சம் கூடிப்போச்சா அக்கா? மோரு குடுங்க, தெளியும்."

"எலே மக்கா, குடியில்ல! வண்டிய எடு!"

பெருங்கடவிளை சந்தை நெரிசலில் ஆட்டோ நின்றபோது அவனுக்கு மறுபடியும் வலிப்பு இழுத்தது. அவள் மடியில் அவன் தலை கொதித்தது. ஜெயன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டாக்டரும் முதலில் அதையே கேட்டார். "குடிச்சிருக்காரா?"

"இல்ல டாக்டரே. ஆசிட் விட மறந்துட்டாரு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கழுத்தத் தூக்கிப் பாருங்க!" என்று அவள் கத்தியதும் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது.

அங்கே முதுகெலும்பில் நீர் எடுத்தார்கள். ஜப்பான் மூளைக்காய்ச்சல். கொசு கொண்டுவந்த வைரஸ். தேங்கின தண்ணீரில் பெருகும் கொசு, பன்றியிடமிருந்தோ கொக்கிடமிருந்தோ எடுத்துவந்து கடித்திருக்கும். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வலிப்பையும் மூளை வீக்கத்தையும் அடக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

காத்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, 'போய்க் கெடங்க' என்று தான் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் உள்ளே கூப்பிட்டார்கள். கண் திறந்திருந்தான். வலது கை அசையவில்லை. அவளையே வெகுநேரம் பார்த்தான். தெரிகிறதா, தெரியவில்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. உதடு மெதுவாகக் கூடியது.

"சௌதே... ஆசிட் விட்டியா?"

"விட்டாச்சு," என்றாள். உறையாமல் கெட்டுப்போய்க் கொட்டிவிட்ட பாலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.