கிளாப்பம் கொமன்: கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற சனிக்கிழமை

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? வீட்டில் பிள்ளைகள், பெரியவர்கள் எப்படி? இங்கே லண்டனில் ஒரு நாள் வெயில், மறுநாள் கம்பளிச் சட்டை. ஆறுதலாக இருந்து வாசியுங்கள், எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது.

போன சனிக்கிழமை இல்ஃபோர்டிலிருந்து கிளாப்பம் கொமனுக்குப் போய் வந்தேன். ஒரே நகரத்துக்குள் போனதெல்லாம் பயணமா என்று கேட்பீர்கள். முப்பது வருஷமாக இங்கே இருந்தும் ஆற்றுக்குத் தெற்கே நான் போனது ஒரு கலியாணத்துக்கும் இரண்டு செத்த வீட்டுக்கும்தான். அந்தக் கலியாணத்தில் சாப்பாடு பிந்தி, மாப்பிள்ளையின் தகப்பனே வெளியே போய்க் கொத்து ரொட்டி கட்டிக்கொண்டு வந்தார். அது வேறு கதை.

போன காரணம் என் மகள் துளசி. அவள் ஆஸ்திரேலியர்களுடைய கால்பந்து விளையாடுகிறாள். வேலையிடத்தில் ஒரு மெல்பேர்ன் பிள்ளை இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கியது. சனிக்கிழமைகளில் துளசியோடு கூடப் போய் வந்தது என் மனைவி. எனக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். மாசி மாதம் மனைவி காலமாகிவிட்டாள். அதற்குப் பிறகு துளசி பந்தைத் தொடவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தில் வென்றால் இறுதி ஆட்டம் என்று அவளுடைய அணிப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். துளசி என்னிடம் வந்தாள்.

"அம்மா எப்பவும் கோல் கம்பத்துக்குப் பின்னாலை நிப்பா அப்பா. நான் அவவைப் பாத்துத்தான் உதைக்கிறனான். நீங்கள் ஒருக்கா வந்து நிண்டு பாருங்கோ. எனக்கு ஏலாட்டி இதோடை விடுறன்."

மனைவியின் தமையன் ஹரோவிலிருந்து போனில் பிடித்துக்கொண்டார். "ஒரு வருஷம் ஆகேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை மச்சான், அதுக்குள்ளை விளையாட்டே? சனம் என்ன சொல்லும்?"

"சனம் வந்து பின்னாலை நிக்குமெண்டால் நான் வீட்டிலை இருக்கிறன்," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இனிப் பாதை. இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் எடுத்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். மேலே ஏற வேண்டாம். நிலத்துக்குக் கீழேயே மூர்கேட் பக்கம் நடந்தால் நோர்தேர்ன் லைன் வரும். மோர்டன் போகும் ரயில் நேரே கிளாப்பம் கொமனில் விடும். எல்லாமாக ஒரு மணித்தியாலம். கட்டணம் நாலு பவுணுக்குள். அறுபது தாண்டினவர்களுக்கு இலவச அட்டை இருக்கிறது, என்னைப்போல. துளசி வழி முழுக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். சுரங்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது.

மைதானம் என்றால் மேடை, கூரை ஒன்றும் நினைக்காதீர்கள். பொதுப் புல்வெளியில் வெள்ளைக் கோட்டால் முட்டை வடிவத்தில் ஒரு பெரிய வட்டம். இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுவில் இரண்டு உயரம், கரையில் இரண்டு கட்டை. பந்து நல்ல பருத்த பப்பாசிப்பழம் போல. நாய் கொண்டுவந்தவர்கள் கோட்டைக் கடந்து போகிறார்கள், நாய்க்குச் சட்டம் இல்லை.

கம்பத்துக்குப் பின்னால் என்னோடு நின்றவர் நேசன். வவுனியாக்காரர், மெல்பேர்னிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்தார். துளசி கோட்டுக்கு வெளியே கால் வைத்துப் பந்தைப் பிடித்தபோது, "ஐயோ, அவுட்," என்றேன்.

"இல்லை அண்ணை. ஆள் எங்கை நிண்டாலும் பறவாயில்லை. முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால்தான் அவுட். கோட்டிலை கொஞ்சம் பட்டுக்கொண்டு நிண்டாலும் உள்ளுக்கைதான்."

"தாண்டினால்?"

"கரை நடுவர் தலைக்கு மேலாலை பின்பக்கமா உள்ளுக்கை எறிவார். நிலத்திலை படாமல் நேரே வெளியிலை உதைச்சுப்போட்டால் மற்றப் பக்கத்துக்கு உதை. உங்கடை கிளித்தட்டு விளையாட்டை மறவுங்கோ அண்ணை."

நடுக் கம்பங்களுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, உயரக் கம்பத்துக்கும் கட்டைக் கம்பத்துக்கும் இடையில் போனால் ஒன்று. தூரத்திலிருந்து உதைத்த பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தால், யாரும் மறிக்காமல் ஆறுதலாக உதைக்கலாம். பந்தைப் பிடித்த இடத்தில் எதிராளி ஒருவர் அசையாமல் நிற்பார். உதைப்பவர் அந்த இடத்துக்கும் கோலின் நடுவுக்கும் நேர்கோட்டில் பின்னுக்குப் போய் வர வேண்டும். கோடு விலகினால் அந்த உரிமை போய்விடும்.

அங்கேதான் மனைவியின் வேலை. துளசி எந்தப் பக்கம் நின்றாலும், இரண்டு கம்பத்துக்கும் நடுவே அவள் கண்ணுக்கு நேரே தெரியும்படி நகர்ந்து நிற்க வேண்டும். நண்டு மாதிரி இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருந்தேன். ஒரு உதை சரியாகப் போய் ஆறு புள்ளி கிடைத்தது. அவள் பாய்ந்து கொண்டாடவில்லை, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைசி நேரம். துளசியின் அணி மூன்று புள்ளி பின்னுக்கு. நேசன் கோப்பி வாங்கப் போய்விட்டார். கரைக் கோட்டோரம் துளசி பந்தை எட்டிப் பிடித்தாள், உடனே சைரன் ஊதியது. முடிந்தது, தோற்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். பிள்ளை தனிய நிற்கிறாளே என்று இருக்கக் கொண்டுபோன கதிரையை மடக்கிக்கொண்டு அவளிடம் நடந்தேன்.

பாதி வழியில் நேசன் கோப்பியோடு வந்தார். "அண்ணை, எங்கை போறியள்? இன்னும் முடியேல்லை. சைரனுக்கு முதல் பிடிச்சவள், அவவுக்கு ஒரு உதை இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். துளசி கோட்டுக்கு வெளியே பின்னுக்குப் போய்ப் பந்தோடு நின்றாள். முன்னால் எதிராளிப் பிள்ளை கையை உயர்த்தியபடி. துளசியின் கண் கம்பத்துக்குப் பின்னால் தேடியது. அங்கே யாரும் இல்லை. நான் கதிரையைப் போட்டுவிட்டு ஓடினேன். அறுபத்திநாலு வயசில் என்ன ஓட்டம். நடுவர் விசிலைக் காட்டி அவளை அவசரப்படுத்தினார். நான் கட்டைக் கம்பத்தடியில் மூச்சு வாங்கி நிற்கும்போது அவள் ஓடி வந்து உதைத்துவிட்டாள்.

பந்து உயரக் கம்பத்தின் பக்கத்தால், நான் நின்ற திசையில் போனது. ஒரு புள்ளி. இரண்டால் தோல்வி.

அவளிடம் போனேன். "நான் முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன் பிள்ளை."

அவள் காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அம்மா நிண்டும் எத்தினை தரம் என்ரை உதை பிழைச்சிருக்கு. கடைசி உதையெண்டால் அவ கண்ணை மூடிக்கொண்டெல்லோ நிப்பா."

எனக்கு அது தெரியாது. இவ்வளவு காலம் ஒரு வீட்டில் இருந்தும் தெரியாது. திரும்பி வரும்போது மூர்கேட் வரை அவள் என் தோளில் தலை வைத்து நித்திரை. இனி விளையாடுவாயா என்று நான் கேட்கவில்லை. இந்த ஒரு கிழமையும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பார்க்கக் காசு இல்லை. கதிரையும் மழைச் சட்டையும் கொண்டுபோங்கள். நல்ல இடம் கோலுக்குப் பின்னால்தான், ஆனால் பந்து வரும், போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தேத்தண்ணியை பிளாஸ்கில் எடுங்கள், அங்கே கோப்பி கூடின விலை. கழிப்பறை தேவைப்பட்டால் ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் இடது பக்கமாக ஒரு

பொறுங்கள், கீழேயிருந்து துளசி கூப்பிடுகிறாள். "அப்பா, காலிலை சப்பாத்தைப் போடுங்கோ. பார்க் பூட்ட முதல் கரையிலை இருந்து உதைச்சுப் பழகோணும், நீங்கள் வந்து நில்லுங்கோ" என்கிறாள், நான் இதைப் பிறகு வந்து