சுடாத நெருப்பு

சர்க்கரை நோய்க்காகப் போன இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டொக்டர் என் பாதத்தை ஊசியால் குத்தினார். ஒன்றும் தெரியவில்லை. நல்ல காலாக இருந்தால், குத்தியதும் நரம்புச் சுவரில் நுண்ணிய வாசல்கள் திறந்து, உப்பின் மின்துகள்கள் உள்ளே பாயுமாம். அந்தத் துடிப்பு அடுத்தடுத்த வாசல்களைத் திறந்துகொண்டே மூளைக்கு ஓடுமாம்.

"சீனி வருத்தத்தால உங்க நரம்பு கெட்டுட்டுது, ஐயா. துடிப்பே கிளம்புறதில்ல."

அப்பாவின் பாதம் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில், தெஹியோவிட்ட இறப்பர் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறை வரிசை வீட்டில் அவர் தூங்கும்போது, எலுமிச்சை முள்ளால் குத்தி விளையாடுவேன். அசையமாட்டார். அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் தீ மிதித்தார்.

"என்ன அண்ணே, பூ மேலயா நடக்குறீங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஆத்தா இருக்கையில எங்கடா சுடும்?"

தோட்டமே அவரைக் கும்பிட்டது. சாமி மகன் என்று என்னையும் கொண்டாடினார்கள். அந்தப் பெருமையில் முள் விஷயத்தை மறைத்தேன். வருடாவருடம் மிதித்தார். தொழுநோய் என்று தெரிந்தபோது கால் விரல்கள் போயிருந்தன. முன்பே சொல்லியிருந்தால் மருந்து கிடைத்திருக்கும்.

பிறகு சாகும்வரை அந்த ஒற்றை அறைக்குள்ளேயே கிடந்தார். கதவைத் திறந்தால் அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள்.

"ஆத்தாவுக்கு என்னடா கொறை வச்சேன்?" என்று என்னிடம்தான் கேட்பார்.

அவர் ஒரு குறையும் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் நான் சொல்லவில்லை.